அம்மாவுக்குத் துணை நின்றவர்களுக்கு

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ ஒருவழியாக முடிந்துவிட்டது. முக்கூடலில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். விட்டுப்போனவர்களுக்கும் முகம் தெரியாத சிலருக்கும் இந்த மடல்.

முதலில் பாளையங்கோட்டையில் அம்மாவைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு. பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து முதல் தடவை ஏறத் தொடங்கியதுமே அம்மாவுக்கு முகம் சிவந்து மூச்சு வாங்கியது. நாங்கள் பதறிப்போனோம். அவர்களோ மருந்தை நிறுத்திவிட்டு, பிறகு நிதானமாக விளக்கினார்கள். இந்த மருந்து தண்ணீரில் கரையாது. அதனால் ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரிக்கும் ஒரு கரைப்பானும் ஆல்கஹாலும் சேர்க்கிறார்கள். பல பேருக்கு ஒவ்வாமை வருவது அந்தக் கரைப்பானால்தானாம். அடுத்த தடவை அதே மருந்து ஆல்புமின் என்ற புரதத்தோடு பிணைத்த நானோ துகள்களாக வந்தது. ஒரு துகள் சுமார் 130 நானோமீட்டர். அமெரிக்காவில் 2005-லேயே அனுமதி பெற்றதாம். முன்பு மூன்று மணி நேரம் ஏற வேண்டியது அரை மணியில் முடிந்தது. “முடி கொட்டும், வெள்ளணு குறையும், விரல் மரக்கும், அதெல்லாம் இதிலும் உண்டு” என்று முன்கூட்டியே சொன்னதற்குத் தனி நன்றி.

வண்ணாரப்பேட்டை மருந்துக்கடை அண்ணாச்சி, சீட்டில் வெறும் பாக்லிடாக்சல் என்று மட்டும் இருந்ததைப் பார்த்து உடனே போன் போட்டுக் கேட்டார். கரைப்பான் சேர்த்தது, ஆல்புமின் சேர்த்தது, இரண்டுக்கும் அளவு வேறு, ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுக்கக் கூடாது. அவருக்கு அது அன்றாட வேலை. எங்களுக்கு அப்படியில்லை.

அப்புறம் அந்த நர்ஸ் அக்கா. குப்பியில் வெள்ளைத் தூள். 20 மி.லி. சலைனைத் தூள்மேல் பீய்ச்சாமல், குப்பியின் உள்சுவர் வழியாக மெல்ல இறக்கினார். ஐந்து நிமிடம் சும்மா வைத்தார். பிறகு மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க, பால்போல் ஆனது. “புரதம்லா, குலுக்குனா நுரைச்சிரும்” என்றார். நானாக இருந்தால் இருமல் மருந்து என்று நினைத்துக் குலுக்கியிருப்பேன்.

அந்த ஆல்புமின் மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தது என்று பிறகுதான் தெரிந்தது. 100 மில்லிகிராம் மருந்துக்குச் சுமார் 900 மில்லிகிராம் ஆல்புமின். ஆக, குப்பியில் மருந்தைவிட யாரோ கொடுத்ததுதான் அதிகம். எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. ஐயா, அம்மா, நீங்கள் நல்லா இருக்கணும்.

கடைசியாக எங்கள் தெரு மதினிமார். விரல் நுனி மரத்ததில் அம்மாவால் பீடி இலையைச் சுருட்டி நூல் கட்ட முடியவில்லை. அவர்கள் சுளகோடு எங்கள் திண்ணைக்கே வந்து, தங்கள் கணக்கை முடித்த கையோடு அம்மா கணக்குக்கும் பீடி சுற்றினார்கள். சுற்றிய பீடிக் கணக்கைக் குறிக்கும் அம்மாவின் பாஸ்புக்கில் வேலை விட்டுப்போகவில்லை. நேரில் நன்றி சொல்லப் போனால் ஏச்சுதான் கிடைக்கும். அதனால்தான் இதை எழுத்தில் வைக்கிறேன்.