ஐஸ் பெட்டியில் வைத்த இன்சுலின்

அன்புள்ள கயல்,

"பேசறதுக்கெல்லாமா ஒரு க்ளாஸ்? நோயாளிகிட்ட எப்படிப் பேசறது, நடந்துக்கறதுன்னு சொல்லித்தர்ற இந்த ஏட்காம் (AETCOM) பாடம்னாலே தூக்கம்தான் வருதும்மா" என்று நேற்று போனில் சொன்னாய். கூடப் படிக்கிற பையனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நோயாளியாக நடித்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் 2019-ல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தை மாற்றி இதைச் சேர்த்தபோது, இருபது வருஷம் முன்னாலேயே செய்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தனை வருஷம் வார்டில் ஹவுஸ் சர்ஜன்களைப் பார்த்தவள் இல்லையா.

ஒரு பெரியவர். சர்க்கரை 400-க்கு மேல் போய் அட்மிட் ஆனவர். டிஸ்சார்ஜ் அன்று ஹவுஸ் சர்ஜன் தம்பி இன்சுலின் பாட்டிலைக் கொடுத்து, "ஃபிரிட்ஜ்ல வைங்க, புரிஞ்சுதா?" என்றான். "சரிங்க சாமி" என்று தலையாட்டினார். மூன்றாம் வாரமே திரும்ப வந்தார், சர்க்கரை பழையபடி. "ஊசியே போடலையா?" என்று அந்தத் தம்பி சத்தம் போட, அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ராத்திரி டூட்டியில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டிலை எங்க வெக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன். "நம்ம வூட்ல ஃபிரிட்ஜ் இல்லீங்க அம்மிணி. பக்கத்து வூட்ல மேல ஐஸ் பெட்டில வெச்சிருக்கேனுங்க, கெட்டுப்போகக் கூடாதுன்னு."

உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலைக்கு ஆகாது. மனுஷன் ஒரு வேளை தவறாமல் செத்த மருந்தைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறார்! மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈரமணல், பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே வைக்க வேண்டும் என்று சொல்லி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்தேன். அந்தத் தம்பி கெட்டவன் இல்லை, மார்க்கெல்லாம் நிறைய வாங்கினவன். "புரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. "வீட்ல எப்படிப் பண்ணுவீங்க, சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஓபியில் நேரம் எங்கே என்பாய். கூட்டம் எனக்குத் தெரியாததா? ஆனால் 1984-ல் அமெரிக்காவில் 74 நோயாளிகள் டாக்டரிடம் பேசியதைப் பதிவுசெய்து பார்த்திருக்கிறார்கள். சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கே பேசிவிட்டார். குறுக்கிடாமல் விட்டவர்களில் ஒருவர்கூட இரண்டரை நிமிடத்தைத் தாண்டவில்லை. நம் ஆட்கள் மகள் கல்யாணத்தில் ஆரம்பித்துத்தான் நெஞ்சு வலிக்கு வருவார்கள், சரி, இன்னொரு நிமிடம் கூட்டிக்கொள்.

அப்புறம், உப்பைக் குறைக்கச் சொல்லி அப்பாவிடம் போன மாதம் சொன்னாயே, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று அவரையே கேள். சாம்பாரில் உப்பே கூடாது என்று என்னிடம் சண்டை. மாவடு ஜாடி முக்கால் காலி.

அம்மா