அப்பாவின் டைரிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதே

புதுச்சேரி,
பிப்ரவரி 9

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்பாவின் காரியங்கள் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, அந்தப் பெரிய வீட்டில் நீ ஒருத்தியாக ஒவ்வொரு அலமாரியாக ஒழித்துக்கொண்டிருக்கிறாய் என்று படித்தபோது மனசு கேட்கவில்லை. உடனே பஸ் ஏறி வந்துவிடலாம் என்று தோன்றியது. மாமியாரைத் தனியாக விட முடியாத நிலைமை, அதுதான் வர முடியவில்லை.

கீழ்த்தட்டு முழுக்க அப்பாவின் டைரிகள் இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். உரக்கடையிலும் கூட்டுறவு சங்கத்திலும் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தவை. “எல்லாம் வெறும் கணக்கு. மழை, ஆள்கூலி, விதைநெல், யாருக்குக் கைமாற்று கொடுத்தார் என்பதுதான். அம்மாவைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?” என்று கேட்டிருக்கிறாய். போடாதே மாலதி. அதைச் சொல்லத்தான் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் காய்கறி வாங்கப் போகும் பெரிய மார்க்கெட்டை ஒட்டித்தான் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் உனக்கும் தெரியும். பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிற இடைத்தரகராக இருந்தவர். 1736 செப்டம்பரில் டைரி எழுத ஆரம்பித்தார்; 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடிப்பதற்குச் சில நாட்கள் முன்பு இறந்தார். கடைசிக் காலம் வரை எழுதியிருக்கிறார். பெரிய தத்துவமெல்லாம் இருக்கும் என்று நினைத்து அதைப் பிரித்தால் ஏமாந்துபோவாய். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, சரக்கு என்ன விலைக்குப் போயிற்று, யாருக்கு எத்தனை பீரங்கி போட்டு மரியாதை செய்தார்கள், ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள், இவைதான் பக்கம் பக்கமாக வரும். அவரும் வியாபாரிதானே! அப்படி எழுதிக்கொண்டே போகிறவர் 1748இல், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்ட சமயத்தில், வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததையும் எழுதுகிறார். இடிக்கச் சொன்ன துரையிடம் வேலை பார்க்கிறவர் அவர். அந்த மனவேதனையை வேறு எந்த ஆவணத்தில் தேடுவது? கவர்னர்கள் பாரிசுக்கு அனுப்பிய அறிக்கைகளில் அது கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தமிழ் என்று நம் கைக்கு வருவதில் பெரும்பகுதி செய்யுள்தான். பிள்ளையோ தான் பேசுகிற மாதிரியே, நடுவில் பிரெஞ்சும் போர்ச்சுக்கீசியமும் இந்துஸ்தானியும் கலந்து எழுதிவைத்தார். படித்தால் மனுஷர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். இத்தனையும் அவர் வீட்டிலேயே கிடந்து, 1846இல்தான் ஒரு பிரெஞ்சு அதிகாரி கண்ணில் பட்டது. பிறகு 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகப் போட்டது. எண்பது தொண்ணூறு வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் ‘வெறும் கணக்குதானே’ என்று நினைத்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

பிள்ளை ஊரில் பெரிய மனுஷர், அவரோடு அப்பாவை ஒப்பிடலாமா என்று நீ கேட்பாய். சரி, மார்த்தா பல்லார்டைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் மெய்ன் பகுதியில் இருந்த மருத்துவச்சி. 1785 முதல் 1812 வரை 27 வருஷம் டைரி எழுதினார். இன்று குளிர் எப்படி, ஆற்றில் பனி உறைந்ததா, யாருக்குப் பிரசவம் பார்த்தேன், கூலி வந்ததா, மகள்கள் எவ்வளவு துணி நெய்தார்கள் என்று சின்னச் சின்னக் குறிப்புகள். ஒன்றுமில்லாத அன்றாட விஷயம் என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் நெடுங்காலம் அதை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். லாரல் உல்ரிச் என்ற ஆய்வாளர்தான் உட்கார்ந்து வரிவரியாகக் கணக்கெடுத்தார். 816 பிரசவங்கள்! யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள், பெண்கள் சம்பாதித்த பணம் எப்படிக் கைமாறியது, ஒரு ஊரின் வாழ்க்கையே அதிலிருந்து எழுந்து வந்தது. 1990இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. மார்த்தா அம்மாள் தன் மனசைத் திறந்து எழுதியது குறைவு. தினமும் எழுதினார் என்பதுதான் பெரிய விஷயம்.

இப்போது அப்பாவின் டைரிக்கு வருகிறேன். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம், தண்ணீர் இல்லாத வருஷங்களில் தள்ளிப்போகும். திறந்த தேதி அரசாங்கத்திடம் இருக்கும். ஆனால் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் உங்கள் வாய்க்காலுக்கு அந்தத் தண்ணீர் என்றைக்கு வந்தது, வராததால் எந்த வருஷம் குறுவையை விட்டுவிட்டு சம்பா மட்டும் போட்டார்கள், நடவுக்கு ஆள்கூலி எப்போது ஏறியது, இதெல்லாம் அப்பா எழுதியதில்தான் இருக்கும். மழை பெய்த நாட்களை அவர் குறித்துவைத்ததும் அப்படித்தான். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் செர்ரி மரம் எப்போது பூத்தது என்று 9ஆம் நூற்றாண்டிலிருந்து தேதி சொல்கிறார்கள். அந்தத் தேதிகளில் பழையவை பெரும்பாலும் அரண்மனைக்காரர்களும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து எடுத்தவை. பூ பார்க்கப் போனோம், விருந்து சாப்பிட்டோம் என்று எழுதியதை வைத்துக்கொண்டு, பருவநிலை எப்படி மாறியிருக்கிறது என்று இன்றைக்குக் கணக்குப் போடுகிறார்கள். 2021இல் மார்ச் 26ஆம் தேதியே முழுசாகப் பூத்துவிட்டது, அதுவரையிலான ஆயிரத்து இருநூறு வருஷக் கணக்கில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது அதனால்தான்.

2018 டைரியை எடுத்து நவம்பர் 16ஆம் தேதியைப் பார்த்தாயா? கஜா புயல் அன்று அதிகாலையில்தான் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. 2004 டிசம்பர் 26ஐயும் பார். அப்பா ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தாலும் அந்தப் பக்கத்தைக் காலி என்று நினைக்காதே. அடுத்த பக்கங்களில் எத்தனை தென்னை விழுந்தது, யார் வீட்டுக்கு அரிசி கொடுத்தார் என்று கட்டாயம் வரும்.

அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை என்று நீ எழுதியதுதான் எனக்கு மனசில் தைத்தது. அம்மா படுத்திருந்த வருஷத்தைப் பொறுமையாகப் படி. தஞ்சாவூருக்கு பஸ் டிக்கெட், இளநீர், மாத்திரை, இரவு தங்கிய லாட்ஜ் வாடகை என்றுதான் இருக்கும். நாற்று நடுகிற நாளில் வயலை விட்டுவிட்டு அவர் அங்கே போயிருப்பார், அந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அந்தத் தலைமுறை ஆண்களுக்கு ஆசையையும் பயத்தையும் எழுதிப் பழக்கமில்லை. செலவை எழுதிப் பழக்கமுண்டு. உன் ஸ்கூல் பீஸ் கட்டிய தேதியும் எங்கேயோ இருக்கத்தான் செய்யும்.

அவர் எழுதியதைப் படிப்பது சரியா என்றும் கேட்டிருந்தாய். பூட்டிவைக்காமல், எல்லோரும் புழங்குகிற அலமாரியில் வைத்தவர் அவர், படிக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். மறைக்க நினைத்தவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள். லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற அரசாங்க அதிகாரி தன் டைரியைச் சுருக்கெழுத்தில் எழுதினார், அந்நியர் கையில் கிடைத்தாலும் சட்டென்று புரியக் கூடாது என்று. 1666இல் லண்டன் பற்றி எரிந்தபோது ஒயினையும் பார்மேசான் சீஸையும் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்ததாக எழுதியவர் அவர்தான். தீயைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், எனக்கு அந்தச் சீஸ்தான் ஞாபகத்தில் நிற்கிறது. பார்வை போய்விடும் என்று பயந்து 1669இல் எழுதுவதை நிறுத்திவிட்டார். கண் போகவே இல்லை, 1703 வரை இருந்தார். அந்த முப்பத்து நாலு வருஷமும் அவர் இதே மாதிரி எழுதியிருந்தால் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கைமாற்று கொடுத்த குறிப்புகளைப் பற்றி இவரிடம் கேட்டேன். நடந்த சமயத்திலேயே தன் கைப்பட எழுதிய குறிப்பைப் பார்த்து, சாட்சி சொல்கிறவர் நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே, 159ஆம் பிரிவில் இடமிருந்ததாம். புதுச் சட்டத்திலும் இருக்கிறது என்றார். எழுதியவரே இல்லாதபோது அது வேறு கதை, அதனால் நிலத்தகராறு ஏதாவது இருந்தால் வக்கீலிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்.

நானும் எழுதுகிறேன், உனக்குத் தெரியும். ஒற்றைத் தலைவலிக்காக டாக்டர் சொல்லி ஆரம்பித்தது. என்றைக்கு வந்தது, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன் என்று எழுதி எடுத்துப்போனேன். காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாட்களில்தான் அதிகமும் வந்திருந்தது. எழுதாமல் இருந்திருந்தால் நான் வெயிலைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். மாமியாரின் சர்க்கரை அளவுக்கும் இப்போது தனி நோட்டு வைத்திருக்கிறேன்.

நீயும் எழுது மாலதி. ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்காகச் சொல்கிறேன். 1986இல் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம், மனசை அறுத்துக்கொண்டிருப்பதை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் அவர்களுக்கு மனசு கனத்துத்தான் போயிற்று. ஆனால் நடந்ததையும் அது தந்த வலியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைவு. உன் துக்கத்துக்கு இது மருந்து என்று சொல்ல மாட்டேன். நாலு நாள் எழுதிப் பார். அழுகை அதிகமானால் நிறுத்திவிட்டு எனக்கு போன் செய், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

டைரிகளைப் பரணில் ஏற்றாதே, கரையான் வரும். ரப்பர் பேண்ட் போடாதே, உருகி ஒட்டிக்கொள்ளும். துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல் பீரோவில் வை. முதலில் 2004ஐயும் 2018ஐயும் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. மழை நாட்களை நான் தனியாக ஒரு நோட்டில் எழுதித் தருகிறேன், எனக்கு மத்தியானத்தில் நேரம் இருக்கிறது.

பெரியவளுக்குக் காரைக்காலில் வேலை கிடைத்துவிட்டது, மார்ச்சில் சேர்கிறாள். அவளைக் கொண்டுபோய் விட வரும்போது இரண்டு நாள் உன்னோடு தங்குவதாக இருக்கிறேன். அங்கே ஏதாவது வாங்கிவர வேண்டுமானால் முன்னாடியே எழுது.

அன்புடன்,
சாந்தி