துளசி விதை மாலையிலேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் மாடித்தோட்டப் பகுதியில், துளசியை விதை போட்டு வளர்ப்பது மெனக்கெடும் வேலை, நர்சரியில் கன்று வாங்கி வைப்பதே நல்லது என்று எழுதியிருந்தீர்கள். விதைதான் போடுவோம் என்பவர்கள் அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்றும் அதில் இருந்தது. இரண்டையும் நான் மறுக்கிறேன். கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. என் மாமியார் காலத்திலிருந்து துளசி மாலை கட்டி விற்பதுதான் எங்கள் பிழைப்பு. கட்டுக்கட்டாக வரும் துளசியை மடியில் போட்டுக்கொண்டு நாரில் வைத்துக் கட்டியே என் வயது போயிருக்கிறது. கொல்லையில் நிற்கும் செடி அத்தனையும் விதையிலிருந்து வந்தவை.

முதலில் அந்த அரை அங்குலக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். துளசி விதை கசகசா அளவுதான் இருக்கும். அதற்குள் இருக்கும் உயிர்ச்சத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு மண்ணை முட்டிக்கொண்டு அதனால் மேலே வர முடியாது. தவிர, துளசிக்கு முளைக்கிறபோதே வெளிச்சம் பட்டால் நல்லது. மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மூட வேண்டும் என்று மனசு கேட்காதவர்கள், விதை அரைகுறையாகத் தெரிகிற அளவுக்குச் சலித்த மணலைத் தூவிக்கொள்ளலாம். கட்டுரையைப் படித்துவிட்டு ஆழமாக ஊன்றியவர்கள், இரண்டு வாரம் பார்த்துவிட்டு, துளசி நம் கைக்கு வராது என்று முடிவுகட்டிவிடுவார்களே என்பதுதான் என் கவலை.

விதைக்கு எங்கே போவது என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். கோயிலில் உங்கள் கழுத்தில் போட்டு அனுப்பும் மாலையிலேயே இருக்கிறது. மாலைக்குத் துளசியைக் கதிரோடுதான் கிள்ளுவார்கள். கதிர் முழுவதும் ஒரே நாளில் முற்றாது. அடியிலிருந்து முற்றிக்கொண்டே மேலே போகும். நுனியில் பூ இருக்கும்போதே அடியில் உள்ள கூடுகள் காய்ந்து பழுப்பாகிவிடும். பச்சையாக இருப்பதைத் தொடாதீர்கள், அது பிஞ்சு. பழுத்துக் காய்ந்த கூடு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, உமியை ஊதிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் நான்கு விதை நிற்கும். தண்டைச் சுற்றி ஒரு வளையத்துக்கு ஆறு பூ, ஒரு பூவுக்கு நான்கு விதை. எல்லாம் கூடிவந்தால் ஒரு வளையத்திலிருந்து மட்டும் 24 விதை. ஒரு முழ மாலையில் எத்தனை கதிர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவுக்கே போதும். எல்லா மாலையிலும் முற்றிய கதிர் இருக்கும் என்று சொல்லமாட்டேன். இளங்கதிராகக் கிள்ளி வரும் கட்டும் உண்டு. பூக்காரம்மாவிடம் "முத்தின கதிரா நாலு கொடும்மா" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. நாங்கள் மாலை கட்டும்போது வேண்டாமென்று ஒதுக்கிப் போடுவதே அதைத்தான்.

பாக்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, துளசி விதை என்று அச்சிட்ட பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டாள். செடி அகல அகலமான இலையோடு செழித்து வந்தது. வாசனையும் வந்தது. ஆனால் வந்தது திருநீற்றுப் பச்சிலை. ஊருக்கு வந்தபோது மீதி விதையைக் கொண்டுவந்து காட்டினாள், ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். சற்று நேரத்தில் ஒவ்வொன்றும் ஊதி, வெள்ளை வழவழப்புக்குள் கறுப்புப் புள்ளியாக மிதந்தது. ஃபலூடாவில் போடும் சப்ஜா அது. துளசி விதை தண்ணீரில் போட்டால் மேலே மெல்லிய வழுவழுப்பு வருமே தவிர, இப்படி ஊதாது. நிறமும் கறுப்பில்லை, பழுப்பு. திருநீற்றுப் பச்சிலையும் நல்ல மூலிகைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாடத்தில் வைத்து விளக்கேற்றக் காத்திருக்கும் ஒருத்திக்கு அதை விற்பது நியாயமா? துளசி என்றால் ஆசிமம் டெனுயிஃப்ளோரம், சப்ஜா என்றால் ஆசிமம் பசிலிகம் என்று தாவரப் பெயரைத் தமிழிலேயே பாக்கெட்டில் அச்சிட வேண்டும். விதை விற்பனையைக் கண்காணிக்கும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி விதைக்கிற விதம். மாசியும் ஆடியும் எங்கள் பக்கத்துக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போட்டால் விதை அடித்துக்கொண்டு போகும், தப்பியது அழுகும். அக்னி வெயிலில் மேல்மண் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், முளை கருகும். வாய் அகன்ற மண்சட்டி ஒன்றில் அடியில் ஓட்டை போட்டு, வண்டல், ஆற்று மணல், நன்றாக மக்கிய சாணம் மூன்றையும் சம அளவு கலந்து, மாவு சல்லடையில் சலித்து நிரப்புங்கள். நகரத்தில் வண்டலுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள் போதும். விதையை ஒரு பிடி காய்ந்த மணலோடு கலந்து தூவினால் ஓரிடத்தில் குவியாது. தூவியதும் பழைய வேட்டித் துணியை ஒற்றையாக மேலே விரித்து, துணியின் மேலேயே தண்ணீர் தெளியுங்கள். விதை இடம் மாறாது, ஈரமும் நிற்கும், வெளிச்சமும் உள்ளே போகும். எறும்பு வராமல் இருக்க, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே இரண்டு ஓட்டுத் துண்டை வைத்து அதன் மேல் சட்டியை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏழெட்டு நாளில் பச்சை தெரியும், சிலது இரண்டு வாரம் எடுக்கும். ஒன்றிரண்டு தலை தெரிந்தவுடன் துணியை எடுத்துவிட வேண்டும்.

நாற்று சாவது பெரும்பாலும் இதற்கடுத்த பத்து நாளில்தான், அதுவும் அன்பினால். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று தண்ணீர் ஊற்றுவார்கள். மண் மட்டத்தில் தண்டு கறுத்து, மெலிந்து, நேற்று நின்ற நாற்று இன்று படுத்துவிடும். நாற்றழுகல் என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான், ஈரத்தில் பெருகும் பூஞ்சை செய்கிற வேலை. மேல்மண்ணை விரலால் தொட்டு, ஈரம் ஒட்டவில்லை என்றால் மட்டும் ஊற்றுங்கள். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடுங்கள். நான்கு இலை, ஆறு இலை ஆனதும் சாயங்கால வேளையில் பெயர்த்து நடலாம். பெயர்க்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும். கருந்துளசி விதைத்தோமே, பச்சையாக வந்திருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம், நல்ல வெயில் பட்ட பிறகுதான் கருமை ஏறும். பக்கத்தில் வெண்துளசி இருந்து, தேனீ இரண்டிலும் உட்கார்ந்திருந்தால் சில நாற்றுகள் பச்சையாகவே நின்றுவிடும். அதுவும் துளசிதான்.

இவ்வளவு சொல்லக் காரணம் வேறு. என்னிடம் மாலை வாங்க வரும் பெண்களில் பலர் தலை குனிந்துகொண்டு ஒரு விஷயத்தைக் கேட்பார்கள். "அக்கா, வீட்டுத் துளசி பட்டுப்போச்சு, ஏதாவது கெட்டது நடக்குமா?" புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணாக இருந்தால், அந்தப் பழி அவள் தலையில் விழுந்திருக்கும். இவள் வந்த நேரம் துளசி போச்சு என்று வீட்டில் பேசியிருப்பார்கள். கண் கலங்கிக் கேட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு நெஞ்சு கொதிக்கும். துளசி ஆலமரம் அல்ல. இரண்டு மூன்று வருஷத்தில் அடித்தண்டு கட்டை பாய்ந்து, இலை சிறுத்து, தானாகவே ஓய்ந்துபோகும். கதிரைக் கிள்ளாமல் விட்டால் இன்னும் சீக்கிரம் ஓயும், ஏனென்றால் விதை கட்டிவிட்டால் அதன் வேலை முடிந்தது. இது போதாதென்று நாமும் சிலது செய்கிறோம். வேரில் பாலை ஊற்றுகிறோம், விளக்கு எண்ணெய் மண்ணில் சிந்துகிறது, கற்பூரத்தைத் தண்டுக்குப் பக்கத்திலேயே கொளுத்துகிறோம், மாடத்தில் அடியில் வடிகால் இல்லாமல் சிமென்ட் பூசிவிடுகிறோம். இலை சாம்பல் பூத்து வெளுத்தால் அடியில் திருப்பிப் பாருங்கள். கறுப்புக் கறுப்பாய்ப் பொட்டும், கண்ணாடிச் சிறகுள்ள பொடிப் பூச்சியும் இருக்கும். சாறு உறிஞ்சுவது அதுதான், திருஷ்டி இல்லை. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் அடங்கும்.

நர்சரிக் கன்று வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். பசுமை வலை நிழலில் வளர்ந்த கன்றைக் கொண்டுவந்து ஒரே நாளில் வெயிலில் வைத்தால் வாடத்தான் வாடும். ஒற்றைச் செடியை வாங்கி அது போனதும், வீட்டில் துளசியே இல்லை, பயம் மட்டும் மிச்சம். விதை போடுகிற வீட்டில் அப்படி ஆகாது. மாடத்துச் செடி கதிர் விடும்போது முதல் கதிர்களைக் கிள்ளிப் பூஜைக்கு வைத்துவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் முற்றவிட்டு விதை எடுத்து வைத்தால், தாய்ச்செடி ஓய்வதற்குள் நாற்று நாலு தயாராக நிற்கும். என் மாமியார் அப்படித்தான் வைத்திருந்தார். மருமகளாக வந்த என்னைத் துளசியை வைத்து ஒரு சொல் சொன்னதில்லை.

ஒரு வேண்டுகோள் அறநிலையத் துறைக்கும், கோயில் நிர்வாகங்களுக்கும். புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில்களில் சாத்திக் களையும் துளசிக்குக் கணக்கே இல்லை. பிரசாதமாகக் கொடுத்தது போக மிச்சம் பல ஊர்களில் குப்பை வண்டிக்குப் போகிறது. பெருமாள் மார்பில் கிடந்த மாலை பிளாஸ்டிக் கவரோடு கிடப்பதைப் பார்க்க, அதைக் கட்டிய கைக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. களைந்த மாலையை நிழலில் உலர்த்தி, சாக்கில் போட்டுத் தட்டினால் விதை கொட்டிவிடும். ஒரு சிட்டிகை விதையைக் காகிதத்தில் மடித்துத் தீர்த்தம் கொடுக்கும் இடத்தில் வைத்தால் எத்தனை வீட்டுக்குப் போகும்! எங்கள் ஊர்த் தலத்துக்கே துளசிவனம் என்று பெயர். மார்க்கண்டேய முனிவர் துளசிச் செடியின் அடியில்தான் பூமாதேவியைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்கிறது தல வரலாறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்ததும் நந்தவனத்துத் துளசியடியில்தான். நந்தவனம் சுருங்கிப்போன கோயில்களில்கூட விதை கொடுப்பதற்கு இடம் வேண்டியதில்லை.

மாலைத் துளசியை வாயில் போட்டு மெல்பவர்கள் நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். இருமலுக்கும் கஷாயத்துக்கும் வீட்டில் விதை போட்டு வளர்த்ததுதான் நிம்மதி.

ஆடி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் அந்த ஆழக் கணக்கைத் திருத்தி, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
துளசி மாலை கட்டும் வாசகி,
திருநாகேஸ்வரம், கும்பகோணம் வட்டம்.