கிழித்த படத்தை ஒட்டி வை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நேற்று ராத்திரி போனில் நீ கோபமாக இருந்தாய், பக்கத்தில் பாப்பா அழுவது கேட்டது. அதனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

பாப்பா தன் கிளாஸ் டீச்சரை ஆட்டுமுகத்தோடு வரைந்துவிட்டாள், அதைப் பார்த்து டீச்சர் முகம் சுண்டிப்போனது, நீ மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து படத்தைக் கிழித்தாய். மன்னிப்புக் கேட்டது சரி. கிழித்தது தப்பு, தாயி. மாப்பிள்ளை முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததை இன்று காலையில் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் நன்றாக விலக்கி வைத்திருக்கிறாள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நீளமாக இடம் விட்டிருக்கிறாள். முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன், ஏழு வயதில் இது கண்ணில் படுவது அபூர்வம். பிள்ளைகள் கண் வரைவார்கள், மூக்கு வரைவார்கள், வாய் வரைவார்கள். சாயல் இருப்பதோ இவற்றுக்கு நடுவில் விடுகிற இடத்தில். ஆட்டுக்கும் டீச்சருக்கும் அந்த அளவு ஒத்துப்போயிருக்கிறது, இவள் அதைப் பிடித்துவிட்டாள்.

நீயும் இப்படித்தான் இருந்தாய். உனக்கு ஆறு வயதிருக்கும். பாவாடை தைக்க மதுரை மீனாட்சி கோயில் புதுமண்டபம் போயிருந்தோம். தையல் மிஷினுக்கும் தொங்கிய துணிகளுக்கும் பின்னால் தூணில் பன்றிமுகத்தோடு ஒரு தாய், அவளோடு குட்டிகள். தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவனே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்த திருவிளையாடல் அது. அந்தப் பன்னிரண்டு குட்டிகளும் பன்றிமுகமும் மனித உடம்புமாக வளர்ந்து பாண்டியனுக்கு மந்திரிகளானார்கள் என்று கதை போகும். நீ அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பத்தா மாதிரியே இருக்கு" என்று சத்தமாகச் சொன்னாய். அம்மா பதறிப்போய் உன் வாயைப் பொத்தினாள். அப்பத்தா துணிகளை விலக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தது. "பிள்ளைகளோட நிக்குதுல்ல, அதான் அப்படித் தெரியுது" என்றது. கையெடுத்துக் கும்பிட்டது.

ஒத்தக்கடையில் நின்று யானைமலையைப் பார்த்து, அங்கே யானை தெரியவில்லை என்று யாரும் சொன்னதில்லை. நாகமலை, பசுமலை என்று அடுத்தடுத்துப் பெயர் வைத்த ஊர் இது. நம் அம்மன் பெயரிலேயே மீன் இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளையின் மகள் மனிதமுகத்தில் ஆட்டைப் பார்த்தால் அதில் என்ன குற்றம்?

ஆனால் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓவியக் கல்லூரி நாளில் நான் ஒரு புத்தகத்தின் படங்களில் மயங்கிக் கிடந்தேன். இத்தாலியில் ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா என்பவர் 1586இல் வெளியிட்டது. மனிதத் தலையும் மிருகத் தலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பிறகு பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் ஓவியர் சார்ல் லெ பிரனும் இப்படி வரைந்தார். படங்கள் அத்தனை அழகு. கேடு வந்தது, சிங்கச் சாயல் இருந்தால் வீரன் என்கிற மாதிரி முகத்தைப் பார்த்துக் குணத்துக்குத் தீர்ப்பு எழுதியதில்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பத்திரிகைகள் ஐரிஷ்காரர்களைக் குரங்கு முகத்தோடு வரைந்து இழிவு செய்தன. முகத்துக்கும் குணத்துக்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

இதெல்லாம் தெரிந்த நானே ஒரு தப்பு செய்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், வட்டமான பெரிய கண்கள், சின்ன மூக்கு. முக அளவு சொல்லிக்கொடுக்க அவனை முன்னால் நிற்கவைத்து, கரும்பலகையில் அவன் முகத்தை வரைந்தேன். பக்கத்தில் ஓர் ஆந்தையை வரைந்தேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான், அதனால் நான் கவனிக்கவில்லை. பள்ளியை விட்டுப் போகும்வரை அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. டிராயிங் பீரியடில் கடைசி பெஞ்சுக்குப் போனவன் திரும்ப முன்னால் வரவேயில்லை. பல வருஷம் கழித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில், கையில் குழந்தையோடு வந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்றான். முகம் உடனே தெரிந்தது. பெயர் வரவில்லை. நான் போட்ட அந்தப் பட்டம்தான் நாக்கு நுனிவரை வந்தது. "நல்லா இருக்கியாப்பா" என்று மட்டும் கேட்டேன். பஸ் ஏறிய பிறகு அழுதேன்.

பாப்பாவிடம் இதைச் சொல். தாத்தா செய்ததாகவே சொல். பார்ப்பதை நிறுத்தச் சொல்லாதே. ஒருவரை வரைவதென்றால் முதலில் அவரைக் கேட்கச் சொல், கூப்பிடுவதென்றால் அவர் பெயரைச் சொல்லியே கூப்பிடச் சொல். டீச்சரிடம் நீயே கூட்டிப்போய், "உங்களைப் பார்த்து இன்னொரு தடவை வரையலாமா?" என்று அவள் வாயாலேயே கேட்கவை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆடும் முகம் பார்க்கும் என்பதையும் சொல். 2001இல் இங்கிலாந்தில் செய்த ஆராய்ச்சியில், செம்மறி ஆடுகள் ஐம்பது ஆட்டுமுகங்களை இரண்டு வருஷத்துக்கு மேல் மறக்காமல் வைத்திருந்தன. சந்தோஷப்படுவாள்.

கிழித்ததைச் செலோடேப் போட்டு ஒட்டி வை. அதில் ஓர் இடம் மட்டும் சரியில்லை. ஆட்டின் கருமணியை நம் கண் மாதிரி வட்டமாகப் போட்டிருக்கிறாள், அது படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும். எதிர்வீட்டு வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. மே லீவுக்கு வரும்போது 4பி பென்சிலோடு திண்ணையில் உட்காரவைக்கிறேன், பார்த்து வரையட்டும்.

அன்புடன்,
அப்பா