அனுமதிக்குக் காத்திருக்கும் கோப்புகள் எத்தனை? தலைமைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டா மாறுதலுக்குப் பணம் வாங்கிய கிராம நிர்வாக அலுவலரை லஞ்ச ஒழிப்புத்துறையினர் கையும் களவுமாகப் பிடித்த செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. ரசாயனம் தடவிய நோட்டு, கரைசலில் நனைத்ததும் இளஞ்சிவப்பாகும் விரல்கள், கைது, பணியிடை நீக்கம் என எல்லாம் மளமளவென்று நடந்துவிடுகின்றன. அவர் பிடிபட்டது சரியே. வாரிசுச் சான்றிதழுக்காகக் கடன் வாங்கி வந்து நிற்கும் ஏழையிடம் கை நீட்டுபவருக்காக நான் பரிந்து பேசவில்லை.

ஆனால் செய்தியைப் படிப்பவர்கள், "மேலே இருப்பவர்களை யார் பிடிப்பது?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து இதை வெறும் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவின்படி, ஓர் அலுவலர் பணி நிமித்தம் எடுத்த முடிவையோ செய்த பரிந்துரையையோ காவல்துறை விசாரிப்பதற்கே முன் அனுமதி வேண்டும். லஞ்சம் வாங்கும்போது அங்கேயே கைது செய்ய அது வேண்டாம். டெண்டர் நிபந்தனையை ஒருவருக்காக வளைப்பவர் ரசாயன நோட்டைத் தொடப்போவதே இல்லை. அவரைப் பற்றிய புகார் முதலில் ஒரு கோப்பாகத் தலைமைச் செயலகத்துக்கு வருகிறது. விசாரணை முடிந்த பிறகும், வழக்கு நடத்த 19ஆம் பிரிவின்படி இன்னோர் அனுமதி.

இந்தப் பாதுகாப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. நிலக்கரித் துறையின் முன்னாள் செயலாளர் எச்.சி. குப்தா 2017இல் தண்டிக்கப்பட்டபோது, அவரது நேர்மையை அறிந்த அதிகாரிகள் கலங்கினார்கள். துணிந்து முடிவெடுப்பவருக்குக் காப்பு வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களை விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி கோரிய விதியை, சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் நீக்கியது. 17ஏ எழுத்தளவில் பதவி பார்ப்பதில்லை. நடைமுறையில் அதன் நிழல் யாருக்குக் கிடைக்கிறது என்பது தங்களுக்கே தெரியும்.

இரு பிரிவுகளிலும் முடிவெடுக்க மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் என்கிறது சட்டம். 19ஆம் பிரிவின் காலக்கெடு கட்டாயமானது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அது மீறப்படுகிறதா என்று பார்க்க மக்களுக்கு வழியில்லை.

எனவே என் வேண்டுகோள் இது. இரு பிரிவுகளிலும் வந்த கோரிக்கைகள் எத்தனை, எந்தப் பதவி நிலையினர் மீது, எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். இ.ஆ.ப. (ஐ.ஏ.எஸ்.) அதிகாரிகள் மீது வழக்குத் தொடர ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும். அந்தக் கோப்புகளை இங்கிருந்து அனுப்பிய தேதியையும் சேருங்கள். பெயர்கள் வேண்டாம், குற்றமற்றவர் மீது கறை படியக்கூடாது. மறுப்புக்கான காரணத்தை மட்டும் சில வரிகளில் எழுதுங்கள். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, தங்கள் ஓர் ஆணை போதும். நான்கு மாதத்தைத் தாண்டிய கோப்புகளை முதல் பட்டியலிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் குடிமகன் ஒருவன்