100 கோடியும் டீக்கடை பெஞ்சும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தோனி போட்ட 100 கோடி ரூபாய் மானநஷ்ட வழக்கு என்ன ஆகும் என்று சத்துவாச்சாரி கோர்ட் பக்கத்து டீக்கடையில் தினமும் ஒரு பெஞ்ச் உட்காருகிறது. முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 கோடி கிடைக்காது.

ஐபிஎல் சூதாட்டத்தில் தன் பெயரை இழுத்தார்கள் என்கிறார், எதிர்த்தரப்பு மறுக்கிறது. அந்த நியாயத்துக்குள் நான் போகவில்லை. பிராதில் எழுதும் தொகை வேறு, டிகிரியில், அதாவது கோர்ட் தீர்ப்பாணையில், வரும் தொகை வேறு. கேட்கும் தொகைக்குத் தகுந்தபடி கோர்ட் பீஸ் கட்ட வேண்டும், இப்போது நம் பக்கம் 3 சதவீதம், 2017க்கு முன் 7.5, அதனால் பெரிய தொகை கேட்டு வருகிறவருக்கு ஏழரை ஆரம்பித்துவிட்டது என்று நாங்கள் சிரிப்போம். குடியாத்தம் பக்கத்து மாவு மில்காரர் ஒருவர், ஊர் நோட்டீஸில் தன்னைத் திருடன் என்று அச்சடித்ததற்காக 10 லட்சம் கேட்டார். பீஸே 75 ஆயிரம். எட்டு வருஷம் கழித்து வந்தது 25 ஆயிரம், அதற்கும் எதிராளி அப்பீல் போய்விட்டான்.

100 கோடி யாருக்குமே கொடுத்ததில்லையா? கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தை வேறொருவர் செய்தியில் சில விநாடிகள் காட்டியதற்கு, டைம்ஸ் நவ் 100 கோடி தர வேண்டும் என்று 2011ல் புனே கோர்ட் சொன்னது. அப்பீலுக்குப் போனால், 20 கோடி ரொக்கமாகக் கட்டு, 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் கொடு என்றது மும்பை ஐகோர்ட். ஆனால் அங்கே படம் மாறியதில் தகராறே இல்லை. இங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் குறுக்கு விசாரணை உண்டு. 2024ல் டெல்லி ஐகோர்ட் முன்னாள் தூதர் லட்சுமி பூரிக்கு 50 லட்சமும் மன்னிப்பும் தரச் சொன்னதே, என் ஊகம் அந்த அளவில்தான். இல்லாவிட்டால் சமரசம். 2014ல் தோனி போட்ட வழக்குக்கு, அவர் நேரில் வந்தால் கூட்டம் தாங்காது என்று சாட்சியம் பதிய அட்வகேட் கமிஷனரை நியமித்ததே 2025 ஆகஸ்டில்தான்.

நீங்களும்தான் ஒவ்வொரு முறையும் தலைப்பில் '100 கோடி' என்று போடுகிறீர்கள், கைக்கு வந்தது எவ்வளவு என்பதை உள்பக்க மூலையில் தேட வேண்டியிருக்கிறது.

நேற்று பெஞ்சில் ஒருவர், "அப்படியானால் பந்தயம் கட்டுங்க ஐயா" என்றார். வழக்கே பந்தயத்தால் வந்தது, எனக்கு எதற்கு வம்பு என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
வேலூர்