சங்கக் கிடங்கில் பூச்சிமருந்துக்கு ஒரு பூட்டுப் பெட்டி வேண்டும்

டெல்டா மாவட்டங்களின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நீடாமங்கலம் வட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்றவள் நான். பூச்சிமருந்து கட்டிலடியிலும், பத்தாயத்துக்குப் பின்னாலும், பிள்ளைகளின் புத்தகப் பை மாட்டிய ஆணிக்குக் கீழேயும் இருக்கக் கண்டு சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறேன். வேறு இடமில்லாத வீட்டில் அதை எங்கே வைப்பார்கள்?

கடன், குடி, குடும்பச் சண்டை, யாரிடமும் சொல்லாத மனச்சோர்வு என்று பல சேர்ந்தே ஒருவரைத் தற்கொலை எண்ணத்துக்குத் தள்ளுகின்றன. ஆனால் அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் வேளை பெரும்பாலும் குறுகியது, அது தணியும்வரை ஆபத்தான பொருள் கைக்கு எட்டாதிருந்தால் உயிர் தப்புகிறது. "சாகத் துணிந்தவனை யார் தடுப்பது" என்று ஊரில் சொல்வது தவறு. தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளிலும் தற்கொலையால் இறப்பதில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன், சம்பா மூழ்கிய ஆண்டில், நள்ளிரவில் அண்ணனை எழுப்பி பூச்சிமருந்து வைத்திருந்த மோட்டார் கொட்டகையின் சாவியைக் கேட்டான். "இந்நேரத்தில் எதற்குடா?" என்று அண்ணன் கேட்ட ஒரே கேள்வியில் உடைந்து அழுதான். விடியும்வரை இருவரும் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

அந்தச் சாவியைத்தான் உங்களிடம் கேட்கிறேன். காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா பூச்சிமருந்துக்குப் பொதுக் கிடங்கு வைத்து, விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தது. அவர்கள் அதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள். இலங்கையில் கொடிய நஞ்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததற்குப் பின், 1995 தொடங்கி 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் அதனால் விழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உரக் கிடங்கின் ஒரு மூலை போதும். சம்பாவுக்கு மருந்து அடிக்கத் தொடங்கும் முன்பே பெட்டிகள் வந்துவிட்டால் நல்லது. பெட்டியைத் திறந்து கொடுக்கும் பணியாளருக்கு, முகம் வாடி வருபவரிடம் "சாக வேண்டும்போல் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கக் கற்றுக்கொடுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்க ஆளிருக்கிறது என்ற ஆறுதலே வருகிறது. போலீஸ் கேஸாகும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்களிடம், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கடன் தவணை எழுதும் பலகையிலேயே, அதே அளவு எழுத்தில், மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, மருத்துவ உதவிக்கு 104 என்ற இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். தவணை பார்க்க வருபவர் கண்ணில் அவையும் பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
நீடாமங்கலம் வட்டம்